பஃபே சாப்பாட்டுக்கு டிப்ஸ் எவ்வளவு, யாருக்கு? ஒரு மாத ஊர்ப் பயண அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பத்தோடு ஊருக்குப் போய், ஒரு மாதம் இருந்துவிட்டு டாலஸ் திரும்பியிருக்கிறேன். முன்பெல்லாம் ஊருக்குப் போனால் ஒவ்வோர் உறவினர் வீட்டிலும் ஒரு வேளை இலை போட்டுச் சாப்பிடுவோம். இம்முறை சென்னையிலும் கோவையிலும் சொந்தபந்தங்களைச் சந்தித்தது பெரும்பாலும் பஃபே உணவகங்களில்தான். வீட்டில் யாரும் அடுப்படியில் நின்று வேக வேண்டியதில்லை, சைவமும் அசைவமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன, தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பில் வந்த கையோடு மேசையில் ஒரு விவாதமும் வந்தது. நாமே எழுந்து போய் எடுத்துச் சாப்பிடும் இடத்தில் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா, கொடுப்பதானால் எவ்வளவு, யாரிடம் என்பதே அது.

முதல் விருந்து சென்னையில். ஆறு பேர், தலைக்கு 850 ரூபாய், ஆக 5,100. அதற்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. 255 சேர்த்து 5,355 ரூபாய்க்குப் பில் வந்தது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த என் மகன் கைப்பேசியில் இருபது விழுக்காடு கணக்குப் போட்டு, 1,020 ரூபாய் வைக்க வேண்டும் என்றான். என் தங்கையின் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எல்லாத்தையும் நாமளே எடுத்துப் போட்டுத்தானே சாப்பிட்டோம் மச்சான், எதுக்கு டிப்ஸ்?” என்று கேட்டார். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று யோசிக்க எனக்கு அந்த மாதம் முழுவதும் ஆயிற்று.

மகனின் கணக்கு அமெரிக்காவின் கூலிச் சட்டத்தோடு ஒட்டிப் பிறந்தது. நாங்கள் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். 1991-லிருந்து அந்தத் தொகை மாறவே இல்லை. டிப்ஸும் சேர்ந்து மணிக்கு 7 டாலர் 25 சென்ட் என்ற குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால்தான் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். ஆகவே அங்கே டிப்ஸ் என்பது பெயரளவில்தான் அன்பளிப்பு. உண்மையில் அது ஊழியரின் கூலியில் பெரும்பகுதி. அங்கேயும்கூட பஃபே என்றால் பத்து விழுக்காடு போதும் என்பதே வழக்கம். நம் நாட்டுச் சட்டத்தில், டிப்ஸ் வாங்குகிறார் என்பதற்காக ஒருவருக்குக் குறைந்த கூலி கொடுக்கலாம் என்ற ஏற்பாடே கிடையாது. உணவக ஊழியர்களின் சம்பளம் தாராளமானது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே டிப்ஸ் நிரப்புகிற பள்ளம் வேறு, இங்கே நாம் கொடுப்பதன் பொருள் வேறு என்றுதான் சொல்கிறேன். அதனால் அந்த இருபது விழுக்காட்டை அப்படியே விமானமேற்றிக் கொண்டுவர வேண்டிய தேவையில்லை.

தங்கை கணவரின் வாதத்துக்கு விடை அந்த உணவகத்திலேயே, என் கண்ணெதிரிலேயே இருந்தது. எங்கள் மேசைக்குத் தட்டெடுக்க வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. இடது முன்கையில் தட்டுகளை அடுக்கி, ஒரு தட்டின் எலும்பையும் எச்சிலையும் கரண்டியால் மற்றொன்றில் வழித்து, கரண்டிகளை எல்லாம் ஒரு தம்ளரில் செருகி, ஈரமான டிஷ்யூக்களைப் பொறுக்கி, யார் பேச்சுக்கும் இடைஞ்சல் இல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். அவர் உள்ளே போய்த் திரும்புவதற்குள் மேசையில் மறுபடியும் தட்டுகள் சேர்ந்திருந்தன. இலைச் சாப்பாட்டில் ஒருவருக்கு ஓர் இலையோடு வேலை முடிந்தது. பஃபேயிலோ சூப்புக்கு ஒரு கிண்ணம், வறுவலுக்கு ஒரு தட்டு, பிரியாணிக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று என்று நாம் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிது புதிதாக எடுக்கிறோம். ஐஸ்கிரீம் வருவதற்குள் எங்கள் ஆறு பேருக்கு மட்டும் அவர் எடுத்துச் சென்ற தட்டும் கிண்ணமும் நாற்பதைத் தாண்டிவிட்டன. பஃபேயில் பரிமாறும் வேலைதான் குறைகிறது. எடுக்கிற வேலையும் கழுவுகிற வேலையும் கூடுகின்றன. நாமே எடுத்துச் சாப்பிட்டோம் என்று சொல்கிற நாம், நாமே எடுத்து வைத்தோம் என்று சொல்ல முடியாது.

பரிமாறுவதும் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. சூடான கல்லின் முன் மணிக்கணக்காக நின்று, வரிசையில் வருகிற ஒவ்வொருவருக்கும் கேட்டபடி தோசை வார்த்துத் தருகிற மாஸ்டருக்கு எந்த மேசையும் சொந்தமில்லை. பில்லை நீட்டுவதும் அவரில்லை என்பதால் அவரை யாரும் நினைப்பதில்லை. முதல் சுற்று வறுவல்களை மேசைக்கே கொண்டுவந்து வைத்தவர் அசாமிலிருந்து வந்து வேலை பார்க்கும் இளைஞர். என் அம்மா ஒரே ஒரு முறை காரம் ஆகாது என்று சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வந்த ஒவ்வொரு தட்டிலும் காரமில்லாததைத் தனியாகக் காட்டி, “பாட்டி, இது காரம் இல்ல” என்று புதிதாகக் கற்ற தமிழில் சொல்லி வைத்தார். கேட்காமலே வெந்நீரும் கொண்டுவந்தார். மொழி தெரியாத ஊரில் ஒரு மூதாட்டியின் வயிற்றைப் பற்றி அக்கறைப்பட்ட அந்தப் பிள்ளையை வெறும் நன்றியோடு விட்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோவையில் சிக்கல் வேறு விதமாக வந்தது. எட்டுப் பேருக்குத் தலைக்கு 900 வீதம் 7,200 ரூபாய். அதன் கீழே சேவைக் கட்டணம் 7 விழுக்காடு என்று 504 ரூபாய் அச்சாகியிருந்தது. அதையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. போட்டு, பில்லை 8,089 ரூபாய் 20 காசுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சேவைக் கட்டணம் இல்லாவிட்டால் 7,560 ரூபாய்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதன் மேல் ஜி.எஸ்.டி. வசூலிக்கவும் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. வாடிக்கையாளர் தாமாக விரும்பிக் கொடுப்பதற்கு அதில் தடையேதும் இல்லை. நான் சப்ளையர்களை மேற்பார்க்கும் கேப்டனை அழைத்து இதைத் தணிந்த குரலில் சொன்னதும், அவர் மறுபேச்சில்லாமல் கட்டணத்தை நீக்கி வேறு பில் கொண்டுவந்தார். நீக்க மறுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்திருப்பேன்.

இதில் எனக்கு உறுத்தியது 504 ரூபாய் அல்ல. அந்தத் தொகை உங்களுக்கு வருமா என்று எங்கள் சப்ளையரிடம் கேட்டபோது, “அது ஆபீஸ் கணக்கு சார், எங்களுக்குத் தெரியாது” என்றார். சேவைக் கட்டணம் கட்டிவிட்டோமே, இனி எதற்கு டிப்ஸ் என்று வாடிக்கையாளர் எழுந்து போய்விடுகிறார். தன் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் எங்கே போனது என்று ஊழியருக்கே தெரிவதில்லை. ஆகவே சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்கிறவர்கள் அதோடு நின்றுவிடாமல், மனமுவந்து ஒரு தொகையை ஊழியர் கையில் சேர்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சட்டத்தைச் சொல்லி மிச்சம் பிடித்ததை நாமே எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், நட்டம் அந்தத் தட்டெடுக்கும் அம்மாவுக்குத்தான்.

டிப்ஸ் குறைந்துபோனதற்கு நான் கண்ட மற்றொரு காரணம் கைப்பேசி. என் அப்பா ஓட்டலில் சாப்பிட்டால், சோம்பும் கற்கண்டும் வைத்த சிறு தட்டில் மீதிச் சில்லறை வரும். அதில் பத்தோ இருபதோ விட்டுவிட்டு எழுந்திருப்பார். டிப்ஸ் என்று தனியாகப் பணம் எடுத்துக் கொடுத்ததே இல்லை. திரும்பி வந்த சில்லறைதான் டிப்ஸ். இப்போது பில் தொகையை யூ.பி.ஐ.யில் பைசா சுத்தமாகக் கட்டிவிடுகிறோம். சில்லறையே வருவதில்லை என்பதால் தட்டில் விடுவதற்கும் ஒன்றுமில்லை. யாரும் கருமித்தனத்தால் நிறுத்தவில்லை, பழக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வெளிநாட்டிலிருந்து போகிற நாம் பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளோடுதான் திரிகிறோம். முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போய் ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டது இந்தப் பயணத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

எவ்வளவு என்பதற்கு நான் கடைசியில் பில்லின் விழுக்காட்டை விட்டுவிட்டு, ஆள் கணக்குக்கு வந்தேன். பஃபேயில் 700 ரூபாய்ச் சாப்பாட்டுக்கும் 1,500 ரூபாய்ச் சாப்பாட்டுக்கும் விலைதான் மாறுகிறது. தட்டெடுப்பவரின் உழைப்பு ஒன்றுதான். முழுக்க நாமே எடுத்துக்கொள்ளும் இடமானால் தலைக்கு முப்பது ரூபாய், மேசைக்கே வறுவலும் ரொட்டியும் கொண்டுவந்து தருகிற இடமானால் தலைக்கு ஐம்பது, குழந்தைகளோ முதியவர்களோ இருந்து கூடுதலாகக் கவனித்திருந்தால் இன்னும் கொஞ்சம் என்று கொடுத்தேன். அதற்கு மேல் போவது நல்லதல்ல என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்னையில் ஓரிடத்தில் டாலரை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் வருகையில் ஒரே சப்ளையரிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது அவர் எங்கள் மேசையை விட்டு நகரவே இல்லை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் ரொட்டிக்காக இரண்டு முறை கை உயர்த்திவிட்டுத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய ரொட்டி எங்கள் மேசையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாக, திருச்சியில் மூன்று இரவு ஓட்டலில் தங்கியபோது காலைச் சிற்றுண்டி பஃபேயும் அறை வாடகையிலேயே அடக்கம். பில்லே வராததால், அங்கே டிப்ஸ் என்ற நினைப்பே எந்த மேசையிலும் எழவில்லை. நான்கு பேருக்கு மூன்று காலைக்கும் சேர்த்து 600 ரூபாயை எடுத்துவைத்து, கிளம்பும் நாளன்று, மூன்று நாளும் எங்கள் தட்டுகளை எடுத்த அக்காவிடம் நீட்டினேன். கையில் சேர்ப்பதுதான் சரியான முறை என்று அதுவரை நம்பியிருந்தேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “பெட்டியில போட்டுடுங்க சார். ராத்திரி எண்ணிப் பிரிச்சுக்குவோம், உள்ள பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கும் பங்கு உண்டு” என்றார். அறை எண்ணைக் குறித்துக்கொள்ளும் மேசையில், பூச்சாடிக்குப் பின்னால், மூடியில் கீறல் போட்ட ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூன்று நாளும் அதைக் கடந்துதான் உள்ளே போயிருக்கிறேன். பணத்தை அதில் போட்டேன். அடுத்த பயணத்தில் பணத்தை எடுப்பதற்கு முன்னால், இங்கே எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்று தட்டெடுப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.