மடல்கள் என் கணினியிலேயே: தண்டர்பேர்ட் பயன்பாட்டு அனுபவம்

2009ஆம் ஆண்டிலிருந்து என் மின்னஞ்சல்கள் அனைத்தையும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் வழியாகவே படித்தும் அனுப்பியும் வருகிறேன். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால், பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மடலில் வாடிக்கையாளர் எந்தக் கலைச்சொல்லை ஒப்புக்கொண்டார் என்று தேடிப் பார்க்கும் தேவை மாதத்தில் நாலைந்து முறையாவது எனக்கு வரும். உலாவியிலேயே மின்னஞ்சல் பார்க்கும்போது இதற்கென ஒரு தனி மென்பொருள் எதற்கு என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

அந்த எண்ணத்தை ஒரு விபத்து மாற்றியது. தொழில் முகவரியை அப்போது ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வரில் வைத்திருந்தேன். ஒரு நாள் அந்த சர்வர் பழுதாகி, என் அஞ்சல் பெட்டி முழுவதும் அழிந்துபோயிற்று. அவர்களிடம் காப்பு நகலும் இல்லை. பாப் முறையில் மடல்களை ஏற்கெனவே என் கணினியில் இறக்கி வைத்திருந்ததால் எனக்கு இழப்பு எதுவும் நேரவில்லை. இப்போது கைபேசியிலும் மடல் பார்க்க வேண்டியிருப்பதால், மடல்கள் சர்வரிலேயே இருந்து எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலத் தெரியும் ஐமேப் முறைக்கு மாறிவிட்டேன் என்றாலும், முடிந்துபோன பணிகளின் மடல்களை மட்டும் ஆண்டுவாரியாகப் பிரித்து, சர்வரோடு தொடர்பே இல்லாத உள்ளூர்க் கோப்புறைகளுக்கு இழுத்துப் போட்டுவிடுகிறேன். ஐமேப்பில் சர்வரில் அழிந்தது இங்கும் அழியும் என்பதைப் புதிதாக வருபவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

மடல்கள் நம் கணினியில் இருந்தால் அவற்றைப் பராமரிக்கும் வேலையும் நம்முடையதே. தண்டர்பேர்ட் இயல்பாக எம்பாக்ஸ் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அதாவது, ஒரு கோப்புறையின் எல்லா மடல்களும் ஒரே நீண்ட உரைக்கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. ஒரு மடலை நீக்கினால் அது பட்டியலிலிருந்து மறைகிறதே தவிர, கோப்பைச் சுருக்கும் 'காம்பாக்ட்' வேலை நடக்கும்வரை அந்த இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். இது தெரியாமல், சுருக்கட்டுமா என்று தண்டர்பேர்ட் கேட்கும் ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பிறகொரு நாள் வட்டில் இடமில்லை என்று கணினி முரண்டு பிடிக்க, தேடிப் பார்த்தால், நாலாயிரம் மடல்கள்கூட இல்லாத என் வரவுப்பெட்டியின் கோப்பு 9 ஜிபி அளவுக்கு வீங்கியிருந்தது. சுருக்கிய பின் 2 ஜிபிக்கும் கீழே வந்துவிட்டது. சோம்பல் முழுக்க முழுக்க என்னுடையது.

இந்த எளிய அமைப்பின் பலனைக் கணினி மாற்றும்போதுதான் உணர முடிகிறது. மடல்கள், முகவரிப் புத்தகம், மடல்களைத் தானாகப் பிரிக்கும் வடிகட்டி விதிகள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் 'ப்ரொஃபைல்' என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. மென்பொருளை மூடிவிட்டு அதை ஒரு வெளிவட்டில் நகலெடுத்தால் காப்பு முடிந்தது. விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு வந்தபோதும் அப்படியே கொண்டுவந்தேன். உபுண்டு 24.04 பதிப்பில் தண்டர்பேர்ட், தன் கோப்புகளைத் தனி இடத்தில் வைத்துக்கொள்ளும் ஸ்னாப் என்ற தொகுப்பாக வருவதால் அந்தக் கோப்புறை பழைய இடத்தில் இருக்காது. நான் அரை மணி நேரம் தேடினேன்.

தேடலில் என் கைக்குப் பழகியது, தட்டும் சொல் உள்ள மடல்களை மட்டும் பட்டியலில் காட்டும் விரைவு வடிகட்டிதான். அது சொல்லின் பகுதியைக்கூடப் பொருத்திக் காட்டுவதால் தமிழுக்கு மிகவும் ஏற்றது: தலைப்பில் 'ஒப்பந்த' என்று மட்டும் தட்டினால் ஒப்பந்தம், ஒப்பந்தத்தை, ஒப்பந்தத்தின் எல்லாம் வந்துவிடும். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி எழுத்துருக் காலத்து மடல்கள் மட்டும் புரியாத கிறுக்கலாகவே தெரிகின்றன. அவற்றை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் இட்டுத்தான் படிக்கிறேன்.

இடையில் இந்த மென்பொருள் நின்றுவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. 2004இல் முதல் பதிப்பை வெளியிட்ட, ஃபயர்பாக்ஸ் உலாவியையும் உருவாக்கும் மொஸில்லா, 2012இல் இதன் வளர்ச்சிப் பணியைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது. பல மாதங்கள் மாற்று மென்பொருள்களைப் பரிசோதித்துவிட்டு, பழக்கத்தின் காரணமாகவே திரும்பி வந்தேன். 2020இல் மொஸில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனமான எம்இசட்எல்ஏ டெக்னாலஜீஸின் கைக்குப் பணி மாறியது; பயனர்களின் நன்கொடையே இதை நடத்துகிறது. அதே ஆண்டு வந்த 78ஆம் பதிப்பில் கூடுதல் வசதிகளுக்காக நாம் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகளில் பழைய வகையானவை செயலிழந்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை நீட்சிகளாக இருந்த நாட்காட்டியும், மடலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ஓபன்பிஜிபி மறையாக்கமும் உள்ளேயே வந்துவிட்டன. 2023இல் 115ஆம் பதிப்பு முகப்பை மாற்றியமைத்தது. மடல்களை அட்டைகளாகக் காட்டும் அந்தப் புதிய தோற்றம் எனக்கு ஒட்டவில்லை. ஒரே திரையில் முப்பது தலைப்புகள் தெரியும் பழைய அட்டவணைக்கே அன்றே மாற்றிக்கொண்டேன்.

இன்றுவரை தீராத குறை ஒன்றுண்டு. மடல்களை வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்துவைக்கும் வடிகட்டி விதிகள் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே இயங்கும். சர்வருக்கு அவை தெரியாது. ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் கைபேசியில் எல்லா மடல்களும் ஒரே குவியலாக வந்து நிற்கின்றன. திரும்பி வந்து கணினியைத் திறந்ததும் அவை ஒவ்வொன்றாகத் தத்தம் கோப்புறைக்குப் போய்ச் சேர்வதை, காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.