ஏழு ஆண்டுச் சந்தா: ஓர் ஒளிப்படக் கழகத்து உறுப்பினரின் கணக்கு

2018 இல் நல்லூர்த் தேரன்று நான் எடுத்த படங்கள் 412. அவற்றில் ஒன்றுகூடச் சுவரில் மாட்டத் தேறவில்லை. வானம் வெளுத்த வேட்டிபோல இருந்தது. காவடி எடுத்தவர்களின் கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கரும்பள்ளங்கள். அண்ணா கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்த புதுக் கமராவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்த வாரமே யாழ்ப்பாண நகரில் இயங்கும் ஒளிப்படக் கழகம் ஒன்றில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே மூத்த உறுப்பினர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கமராவில் ஒரு பிழையுமில்லை. சூரியன்தான் தலைக்கு மேலே நின்றிருக்கிறது" என்றார். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் இங்கே செங்குத்தாக விழும். திருவிழாவும் அந்த நாட்களை ஒட்டித்தான் வருகிறது. கணிதம் படிப்பிக்கிற எனக்கு இதை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. "காலை ஒன்பது மணிக்குப் பிறகு நீர் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கும்பிடும்" என்றும் சொன்னார். கோயிலுக்குள்ளே படம் எடுக்க எப்படியும் அனுமதியில்லை என்பதால் அந்தப் புத்திமதியைக் கடைப்பிடிப்பது சிரமமாக இருக்கவில்லை.

ஏழு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டேன். சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

கழகத்தின் உயிர் மாதக் கூட்டத்தில் இருக்கிறது. போயா (முழுநிலா) நாள் மாலையில், பிள்ளைகள் இல்லாத ரியூசன் கொட்டில் ஒன்றில் கூடுவோம். ஆளுக்கு இரண்டு படம். எடுத்தவரின் பெயரில்லாமல் திரையில் விழும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. இந்த ஒரு விதிக்காகவே சந்தா கட்டலாம். "அந்த நேரம் பஸ் குறுக்கே வந்துவிட்டது", "வெளிச்சம் போய்விட்டது" என்றெல்லாம் விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் படத்தோடு நாம் கூடவே போய் எல்லா வீட்டுச் சுவரிலும் நின்று விளக்க முடியாது. எனது முதல் படத்துக்குக் கிடைத்த விமர்சனம் ஒரே கேள்வி: "இதில் எதை எடுத்துவிட்டால் படம் விழுந்துவிடும்?" எதை எடுத்தாலும் விழாது என்று எல்லாரும் ஒருமனதாக முடிவுசெய்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து கமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு மூன்று கூட்டங்களுக்குப் போகவில்லை.

அலுமாரியில் பூட்டியது வேறு வினையாயிற்று. நவம்பர் மழைக்காலம் முடிந்து திறந்தபோது லென்ஸின் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம். கடல் சூழ்ந்த ஊரில் கமராவைத் தோல் பையில் போட்டு அலுமாரிக்குள் வைப்பது அதைக் கிணற்றுக்குள் வைப்பதற்குச் சமம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா மணிகளும் போதும். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகும்போது எடுத்துச் சூடாக்கினால் மறுபடியும் நீலமாகும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. பெட்டிக்குள் வைக்கிற சிறிய ஈரமானியைக் கழகத்தில் ஒருவர் சேர்த்து வாங்கித் தந்தார்.

தொழில்நுட்ப வகுப்புகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துவாரம் (லென்ஸ் திறக்கும் அளவு), வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் வேக எண்) எல்லாம் யூடியூப்பில் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆனால் அந்த மூத்தவர் நடத்தும் வெயில் வகுப்பு வேறு எங்கும் கிடைக்காது. அவர் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1990க்குப் பிந்திய போர் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். அவர் கையிலிருந்த கமராவின் ஷட்டர் வெறும் வில்லால் இயங்குவது. பற்றரியே வேண்டாம். ஒளிமானி இல்லாததால் வெயிலைக் கண்ணால் அளக்கப் பழகிக்கொண்டாராம். நல்ல வெயிலில் துவாரம் 16. பிலிமின் வேக எண் எதுவோ அதன் கீழ் ஒன்று என்பதே ஷட்டர் வேகம்: 100 பிலிமுக்கு வினாடியில் 100 இல் ஒரு பங்குக்குக் கிட்டிய வேகம். மெல்லிய முகில் வந்தால் துவாரம் 11. இந்தக் கணக்கை ஒரு மாதம் கமராவின் தானியங்கி வசதியை அணைத்துவிட்டுப் பழகச் சொன்னார். பழகினேன். இப்போது வகுப்பறை ஜன்னலைப் பார்த்தாலும் மனம் 5.6, 8 என்று எண்ணுகிறது. பிள்ளைகள் ஏதோ சமன்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெளிக்களப் பயணங்களில்தான் எனக்குக் கழகத்தோடு சண்டை. ஆண்டுதோறும் நெடுந்தீவு. குறிகாட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் ஆடி அசைந்து போய் இறங்கினால், முருகைக்கல் வேலி, பெருக்குமரம், குதிரை. அடுத்த மாதக் கூட்டத்தில் 30 குதிரைப் படங்கள். ஒருவர் தனது குதிரையைச் சர்வதேசப் போட்டியொன்றின் இயற்கைப் பிரிவுக்கு அனுப்பினார். அது தகுதியற்றதென்று திரும்பி வந்தது. 1950 இல் தொடங்கிய சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பின் விதிப்படி, மனிதர் வளர்த்துப் பின்பு காட்டில் திரியும் விலங்குகளுக்கு இயற்கைப் பிரிவில் இடமில்லை. அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்த குதிரைகள் எத்தனை தலைமுறை கட்டாக்காலியாகத் திரிந்தாலும் விதிக்கு அவை வீட்டு விலங்குதான். இனியாவது நெடுந்தீவை விடுவார்கள் என்று உள்ளூர மகிழ்ந்தேன். விடவில்லை. பிரிவை மாற்றி அனுப்பினார்கள்.

மிக நல்ல பயணங்கள், பயணமே போக முடியாத 2022 இல் வாய்த்தன. பொருளாதார நெருக்கடியால் பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றி நின்றது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. கமராப் பற்றரியைப் பாடசாலையில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து ஏற்றிக்கொள்வேன். எல்லாரும் சைக்கிளை எடுத்தோம். அரியாலை, பாசையூர், குருநகர், நாவாந்துறை, மண்டைதீவுப் பாலம் என்று மிதிக்கக்கூடிய தூரம்தான் எங்கள் உலகம். மோட்டார் சைக்கிளில் கடந்து போன இடங்களில் இறங்கி நின்றோம். கடலேரியின் முழங்காலளவு நீரில் நடந்து வலை வீசுகிறவர்கள் எங்களுக்கு முகமாகிப் பெயராகி, மூன்றாம் கிழமை தேநீருக்குக் கூப்பிடுகிற மனிதர்களானார்கள். எனது கண்காட்சிப் படங்களில் பாதி அந்த ஆறு மாதத்தில் எடுத்தவை.

கண்காட்சியைப் பற்றிச் சற்று நீட்டி எழுதவேண்டும்.

கைத்தொலைபேசியில் அழகாகத் தெரிவது கடதாசியில் நிற்காது என்ற பாடத்தை நான் பூநாரை ஒன்றிடம் கற்றேன். எனது கமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 20 அங்குல அகலம் தாராளமாக வரும். ஆனால் தூரத்தில் நின்ற பறவையை வெட்டி எடுத்தபின் மிஞ்சியது 1800 புள்ளி. வெறும் ஆறு அங்குலம். அதைப் பெருப்பித்து அச்சிட்டதும் பூநாரை ரவைக் கஞ்சியாகிவிட்டது. அச்சுக் கூலி போனதுதான் மிச்சம். அதன் பிறகு கிட்டப் போகப் பழகினேன், அல்லது படம் எடுக்காமல் பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன்.

முதல் கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் சுவரில் ஆணியடிக்கக்கூடாது என்று கடைசி நாள்தான் சொன்னார்கள். நைலோன் நூலைக் கம்பியில் கட்டி 46 சட்டகங்களைத் தொங்கவிட்டோம். மின்விசிறி போட்டால் படங்கள் ஊஞ்சலாடின, போடாவிட்டால் பார்வையாளர்கள் வியர்த்தார்கள். ஆட்டம்தான் வென்றது. திறப்பு விழா உரைகள் ஒன்றரை மணித்தியாலம். பிரமுகர்கள் படங்களைப் பார்த்தது பத்து நிமிடம். இது இன்றும் மாறவில்லை, மாறும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

2023 கண்காட்சியில் நடந்ததுதான் நான் சொல்லவந்தது. பாசையூரில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் கறுப்பு வெள்ளைப் படம் வைத்திருந்தேன். தலைப்பு: 'வறுமை'. படத்துக்குப் பாராட்டு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் அவருடைய மகள் வந்தார். அழைத்தவர் யாருமில்லை, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அக்கா, எங்களை வறுமை என்று உங்களுக்கு யார் சொன்னது?" குரலை உயர்த்தவில்லை. தம்பியை அந்த வலையால் பல்கலைக்கழகம்வரை படிப்பித்தார்கள் என்றார். அப்பா எப்போதும் சிரித்துக்கொண்டு வேலை செய்பவர், சிரிப்பு அடங்கிய நொடிக்காக நீங்கள் காத்திருந்திருக்கிறீர்கள் என்றார். அது உண்மை. அரை மணித்தியாலம் காத்திருந்தேன். அந்த அரை மணித்தியாலத்தில் எடுத்த சிரித்த படங்கள் 14 இன்னும் என்னிடம் இருக்கின்றன.

தலைப்பட்டையை அப்போதே கழற்றினேன். அடுத்த கூட்டத்தில் நானே அந்தப் படத்தைத் திரையில் போடச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். வாக்குவாதம் இரவு ஒன்பது மணிவரை போனது. கலைஞருக்குத் தலைப்பு வைக்கும் உரிமையில்லையா என்று ஒரு கட்சி. கொழும்பில் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) உழைக்கும் உடல்களை எடுத்த விதத்தை உதாரணம் காட்டி, வெளிச்சமும் உடலும் பேசட்டும், சொல் எதற்கு என்று இன்னொரு கட்சி. முடிவில் விதி ஒன்று வந்தது. மனிதர் உள்ள படத்துக்குக் கவிதைத் தலைப்பு இல்லை. இடம், செய்யும் வேலை, மாதம், ஆண்டு, அவர் விரும்பினால் பெயர். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதியும் அழைப்பிதழும் முன்கூட்டியே போகவேண்டும். இந்த விதியால் சில உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டு மனிதரை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். குதிரைகள் கூடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரதியோடு பாசையூருக்குப் போனேன். ஐயா படத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். கீழே நான் புதிதாக எழுதியிருந்த 'மீன் வலை' என்ற சொல்லில் விரலை வைத்து, "இது நண்டு வலை, பிள்ளை. வலைக்கண்ணைப் பாரும், எவ்வளவு பெரிது" என்றார். மறுபடியும் அச்சிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. பெண்கள் குறைவு. நான் சேர்ந்தபோது மூன்று பேர், இப்போது ஏழு பேர். விடியற்காலை நாலரை மணிக்கு மணற்காட்டு மணல்மேட்டில் சூரிய உதயம் என்று அறிவிக்கும்போது, ஒரு பெண் அங்கே எப்படி வந்து சேருவாள் என்று யோசிப்பவர்கள் குழுவில் அதிகமில்லை. கேட்டால் வாகனம் ஒழுங்குசெய்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டும். ட்ரோன் வைத்திருப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் வரக்கூடாது என்பதில் கழகம் கண்டிப்பாக இருக்கிறது. நல்லது. சாமத்திய வீடு, கலியாண வீடு எடுக்கும் தொழிற்காரர்கள் சிலர் வருகிறார்கள். ஒளி அமைப்பில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைத் தேடாதீர்கள்.

புதிதாகக் கமரா வாங்கிவிட்டுத்தான் சேரவேண்டும் என்பதில்லை. கைத்தொலைபேசியோடு வரும் இருவர் மாதப் படத்தேர்வில் பலமுறை வென்றிருக்கிறார்கள். முகம் சுருங்காமல் விமர்சனம் கேட்க முடியுமென்றால் வாருங்கள். முடியாவிட்டாலும் வாருங்கள், மூன்று கூட்டம் தவறவிட்டுத் திரும்பி வரலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டியாயிற்று. நெடுந்தீவுப் பயணத்துக்கு மட்டும் என் பெயரை எழுதவேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.