வடசேரி டயர் கடையும் என் ஸ்கூட்டருக்குப் போட்ட புது டயரும்

ஸ்கூட்டருக்கு டயர் மாற்றியதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள், ஆடி மாதம் ஒருமுறை பலத்த காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருசக்கர வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் இருந்து தோவாளை வழியாக தினமும் அந்த ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பின் டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேடுகள், தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி மேல்மட்டத்துக்கே வந்துவிட்டது. மழைக்கு முன்னால் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று வடசேரியில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

டயர் அளவு முன்னே 90/90-12, பின்னே 90/100-10. எம்.ஆர்.எஃப். டியூப்லெஸ். தயாரித்த தேதி கேட்டதும் கடைக்கார அண்ணாச்சி முகம் சுளிக்காமல் டயரைத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ரப்பர் சும்மா கிடந்தாலும் வருடக்கணக்கில் இறுகிப்போகும், இறுகினால் ரோட்டைப் பிடிக்காது. அதனால் பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

டயருக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பிரேக் சக்கரம் சுற்றுவதைத்தான் தடுக்கிறது. வண்டியை நிறுத்துவது ரோடு. வெளியில் இருந்து ஒரு விசை வராமல் ஓடுகிற பொருளின் வேகம் மாறாது என்பது நியூட்டனின் முதல் விதி. பிரேக், எஞ்சின் எல்லாம் வண்டிக்குள் இருப்பவை. வண்டிக்கு வெளியே இருந்து பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ரோட்டின் உராய்வுதான். அது வருவதற்கு இருக்கும் இடமோ இரண்டு டயருக்கும் அடியில் சேர்த்து ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த ரோட்டில், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஏறக்குறைய 9 மீட்டர் போதும். நனைந்த ரோட்டில் அது 15, 16 மீட்டர் ஆகிவிடும். இதெல்லாம் நல்ல டயருக்கு. மொட்டை டயரில் தண்ணீர் வெளியேற வழியே இல்லை, அது ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் படலமாக நின்றுவிடும். பட்டன்களுக்கு இடையில் இருக்கும் பள்ளங்கள் அந்தத் தண்ணீர் ஓடத்தான். நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு மொட்டை டயரில் பிள்ளைகளை ஏற்றிப் போவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

மாட்டிய விதம் பற்றியும் சொல்ல வேண்டும். சுழலும் திசைக்கான அம்புக்குறியை முதலில் பார்த்தார். அப்புறம் டயரில் இருந்த மஞ்சள் புள்ளியைத் தேடி, அதை வால்வுக்கு நேராக வைத்துத்தான் ரிம்மில் ஏற்றினார். டயரில் எடை குறைவான இடம் அந்தப் புள்ளி. வால்வின் எடை அங்கே சேர்ந்தால் சமன் ஆகும். சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் கனத்தால் அது சுற்றும்போது அச்சை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், வேகம் இரு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும். ஹேண்டில் நடுக்கம் பல வண்டிகளில் இப்படித்தான் வருகிறது. கடைசியாக வால்விலும் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். காற்றழுத்தம் முன்னே 22 பி.எஸ்.ஐ., பின்னே 29, பின்னால் ஆள் ஏறினால் 36. "கூட அடிச்சா மைலேஜ் வரும்னு சொல்லுவாங்க டீச்சர், மழையில பிடிக்காது" என்றார். சரியான பேச்சு.

இப்போது காற்றுக்கு வருகிறேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் பக்கம் வெறும் பழமொழி இல்லை. மேற்கே இருந்து வரும் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே இருக்கும் கணவாயில் நெருக்கிப் புகுவதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. ஒரு லாரி பக்கத்தில் வரும்போது காற்று சட்டென்று நின்று, அது கடந்ததும் மொத்தமாக விலாவில் அடிக்கும். அப்போது வண்டியைப் பக்கவாட்டில் நழுவ விடாமல் பிடித்து வைப்பதும் அதே உராய்வுதான். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரு அளவுதான், அதில் காற்றுக்கும் பிரேக்குக்கும் பங்கு போக வேண்டும். அதனால் அந்த இடத்தில் திடீர் பிரேக் கூடவே கூடாது, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். புது டயர் போட்ட பிறகு காற்று தள்ளுவது குறையவில்லை. குறையவும் செய்யாது. ஆனால் தள்ளிய பிறகு வண்டி கோட்டுக்குத் திரும்புவதில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. தோவாளைப் பூச்சந்தை அருகே நனைந்து கிடக்கும் ரோட்டில் பிரேக் பிடித்தாலும் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போவதில்லை.

குறைகளும் உண்டு. புது டயரின் மேல் வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கும், முதல் நூறு கிலோமீட்டர் பைய ஓட்ட வேண்டும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். தானாகவே எல்லோரிடமும் சொல்ல வேண்டிய விஷயம் அது. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. சாயங்காலம் கூட்டம் அதிகம், அவசரத்தில் மஞ்சள் புள்ளியெல்லாம் பார்ப்பாரா என்று தெரியாது, காலையில் போங்கள். இரண்டு டயரும் கூலியும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாரன்டிக்கு வேண்டும்.