கிளினிக்குக்குக் கூடப் போக ஒரு ஆள்

போனில் கேட்டால் அம்மாவுக்கு எப்போதும் சுகம்தான். "எனக்கென்ன, நல்லா இருக்கிறன், நீ பிள்ளையளைப் பார்" என்று கதையை முடித்துவிடுவா. ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதற்குமேல் எதையும் தோண்டி எடுக்க ஏலாது. அதனால் 2025 ஆவணியில் ஊருக்குப் போனபோது நல்லூர்த் திருவிழாவையும் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அம்மாவின் ஆஸ்பத்திரி வேலை, அக்கா மகளின் படிப்பு, இந்த இரண்டையும் நேரில் பார்ப்பது என்றுதான் போனேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் கரவெட்டிப் பக்கம். அம்மாவுக்குச் சலரோகம் (நீரிழிவு). அதற்கான மாதக் கிளினிக் மந்திகையில், பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில். பெரிய வருத்தம் என்றால் அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதி அனுப்புவார்கள். வட மாகாணம் முழுவதற்கும் இருக்கிற போதனா வைத்தியசாலை அது ஒன்றுதான்.

கிளினிக் நாளில் விடியமுன்னம் எழும்பி, வெறும் வயிற்றோடு ஓட்டோவில் போனோம். நம்பர் துண்டு எடுத்து, இரத்தம் கொடுத்து, பிறசர் பார்த்து, டொக்டரைக் கண்டு, கடைசியாக மருந்து யன்னலில் நின்று ஒரு மாதத்துக்கான குளிசைகளோடு வெளியே வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரு சதம் செலவில்லை. டொக்டர் பிள்ளைக்கு வயது முப்பதுகூட இராது. அத்தனை சனத்துக்கு நடுவிலும் அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதத்தையும் குனிந்து பார்த்தா. சலரோகக்காரருக்குக் கால் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், பார்க்கிறவர்கள் குறைவு. அந்தப் பிள்ளைக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

காத்திருந்த நேரத்தில் அம்மாவின் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து வாசித்தேன். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கையெழுத்து. சீனி எவ்வளவு, பிறசர் எவ்வளவு, எந்தக் குளிசை கூடியது, எது நின்றது எல்லாம் அதில் இருக்கிறது. 2022 பக்கங்களில் மட்டும் "வெளியில் வாங்கவும்" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. டொலர் இல்லாமல் மருந்துக் கப்பல் வராத வருசம் அது. அந்த நாளில் நாங்கள் அனுப்பிய காசு பாமசிக்குத்தான் போயிருக்கிறது. போனில் அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கொஞ்ச நாளாக அம்மாவுக்கு விடியப்புறத்தில் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றியிருக்கிறது. வயது போனால் அப்படித்தான் என்று இருந்திருக்கிறா. நான் மருந்து வைக்கிற பிஸ்கற் ரின்னைக் கொட்டிப் பார்த்தேன். கிளினிக்கில் கொடுத்த உறையில் கிளிக்ளசைட் என்ற, சீனியைக் குறைக்கிற குளிசை இருந்தது. பக்கத்திலேயே வேறொரு பெயர் அச்சடித்த அட்டை ஒன்று. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பார்த்தால் அதுவும் கிளிக்ளசைட்! இடையில் ஒருநாள் சுகமில்லை என்று யாரோ கூட்டிக்கொண்டு போய்த் தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி, வேறொரு டொக்டரைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே கொப்பியைக் கேட்கவும் இல்லை, அம்மா காட்டவும் இல்லை. வேறு பெயர், வேறு நிறம், ஆகவே வேறு மருந்து என்று நினைத்து அம்மா இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறா. சீனி அளவுக்குமேல் இறங்கியதுதான் அந்த வியர்வையும் நடுக்கமும். தனியே இருக்கிற மனுசிக்கு அப்படியே மயக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

இரண்டையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டொக்டர் ஒன்றை நிற்பாட்டச் சொல்லிக் கொப்பியிலும் எழுதிவிட்டா. ஊருக்குப் போகிறவர்கள் அம்மா அப்பாவின் மருந்துப் பெட்டியை ஒருதரம் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் மருந்தின் பெயரை வாசியுங்கள். கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகளையும் அதே கொப்பிக்குள் ஒட்டிவிடுங்கள். எந்த டொக்டரிடம் போனாலும் கொப்பியை முதலில் நீட்டச் சொல்லுங்கள்.

1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற இலவச அம்புலன்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவின் நன்கொடையோடு 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் எங்கள் பக்கத்துக்கும் வந்த சேவை. நான் நிற்கும்போது ஓர் இரவு பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சு நோ. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டில். அம்மாதான் 1990 அடிக்கச் சொன்னா. தமிழில் கதைத்தார்கள், வழி கேட்டார்கள், வந்தார்கள். ஒழுங்கைக்குள் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வந்து, படலையடியில் வைத்தே ஒட்சிசன் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். காசு கேட்கவில்லை. முன்பென்றால் கார் வைத்திருக்கிறவரைத் தேடி ஊர் முழுக்க ஓட வேண்டும். ஐயா தப்பிவிட்டார். ஆனால் வார்டில் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லாமல் அக்காவின் கணவர்தான் போய் நின்றார்.

இந்த ஆளில்லாத கதைதான் எங்கு போனாலும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 2020 இல் ஏழு ஆசனம் இருந்தது, வாக்காளர் தொகைப்படி பிரிப்பதால் 2024 இல் ஆறாகிவிட்டது. ஒழுங்கையில் நடந்தால் அதற்குக் காரணம் தெரியும். பெடியள் குறைவு, பூட்டிய வீடுகள் கூட. கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்தவர்களின் கதையைப் போகிற வீடெல்லாம் கேட்டேன். நான் திரும்பி வந்த கையோடு, 2025 செப்டெம்பர் 1 அன்று யாழ். மாவட்டச் செயலகத்திலேயே அதற்கு அலுவலகம் திறந்துவிட்டார்கள். அலைச்சல் குறைந்தது நல்லது.

அக்கா மகள் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதனையை 2024 இல் உயிரியல் பிரிவில் எடுத்தவள். சோதனை தொடங்கிய கிழமையிலேயே புயல் மழை வந்து இடையில் ஒத்திவைத்து, பெறுபேறு 2025 ஏப்ரலில்தான் வந்தது. நல்ல பெறுபேறு, ஆனால் மருத்துவத்துக்குக் காணாது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுக்கத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கடுமையாகப் போட்டி போட வேண்டியிருக்கிறது. நான் நிற்கும்போது, இடம் கிடைக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருந்துகொண்டே, 2025 நவம்பர் சோதனைக்கு இரண்டாந்தரமும் படித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நேர்சிங் கிடைச்சால் போகட்டோ? அம்மா திரும்ப எழுதச் சொல்லுறா."

"உனக்கு எது விருப்பம்?"

"எனக்கு நேர்சிங் விருப்பம். அம்மம்மாவோட கிளினிக்குக்குப் போய்ப் போய்த்தான் அந்த ஆசை வந்தது."

யாழ். பல்கலைக்கழகத்திலேயே தாதியியல் பட்டப்படிப்பு இருக்கிறது, வீட்டில் இருந்து போய்வரலாம். அக்காவோடு இரண்டு இரவு இருந்து கதைத்தேன். டொக்டர் என்றால்தான் படிப்பு என்ற எண்ணத்தை எங்கள் சனம் விட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. இந்தச் சின்ன வயதிலேயே தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிள்ளையை ரியூட்டரி வாங்கிலில் இன்னொரு வருசம் இருத்துவது அநியாயம். அக்கா அரை மனதோடு, "வெட்டுப்புள்ளி வரட்டும், இடம் கிடைச்சால் போகட்டும்" என்றா. அதுவே பெரிய விசயம்.

அம்மாவின் கிளினிக்குக்கு இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஊரில் இளைப்பாறிய ரீச்சர் ஒருவர், பிறசருக்கு அதே நாளில் கிளினிக் போகிறவர். வழமையான ஓட்டோத் தம்பி இருவரையும் ஏற்றி இறக்குவார். ஓட்டோவுக்கு மாதக் காசு நான் அனுப்புகிறேன். ரீச்சர் கொப்பியின் புதுப் பக்கத்தை வட்சப்பில் அனுப்புவா, நான் குளிசைகளை அம்மாவோடு போனில் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன்.

இதையே கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம். இங்கே எங்கள் ஊர்ச் சங்கம் வருசாவருசம் கோயில் மதிலுக்கும் மைதானத்துக்கும் காசு சேர்க்கிறது. தனியே இருக்கிற வயதானவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வார்டில் நின்று, மருந்தையும் பார்த்துக் கொடுக்க ஊரிலேயே இருவருக்குச் சம்பளம் போட்டு வைத்தால் என்ன? வருகிற பொதுக்கூட்டத்தில் இதை எழும்பிக் கேட்கப் போகிறேன். கரவெட்டிப் பக்கத்தவர்கள் யாராவது வாசித்தால் அன்றைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் இருங்கள்.