மூன்று கோச்சுகள், மூன்று துணிச்சலான முடிவுகள்: எது சரியான கணக்கு?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் துணிச்சலான முடிவு என்று பேச்சு எடுத்தாலே நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்போர்ன், பாய்சி ஸ்டேட்டின் கிறிஸ் பீட்டர்சன், அலபாமாவின் நிக் சேபன் ஆகிய மூவரின் பெயர்களும் வந்துவிடும். மூவருக்கும் துணிச்சல் இருந்தது, சரி. ஆனால் மூவரும் போட்ட கணக்கு ஒன்றல்ல.

முதலில் விதி. பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடப்பதுதான் டச்டவுன், அதற்கு 6 புள்ளிகள். அப்புறம் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1. உதைக்காமல், 3 யார்டு தூரத்திலிருந்து இன்னொரு முறை கோட்டைக் கடந்தால் 2. உதை அநேகமாகத் தவறாது. இரண்டு புள்ளி முயற்சியோ பாதிக்கு மேல் தோற்கும்.

1984 ஜனவரி 2, மயாமியில் ஆரஞ்சு பவுல் என்ற சீசன் இறுதி ஆட்டம். ஆடிய 12 ஆட்டங்களையும் வென்று முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்கா, 48 விநாடிகள் மிச்சமிருக்கும்போது மயாமியை 31-30 என்று நெருங்கியது. அன்று கூடுதல் நேரம் என்ற ஏற்பாடே இல்லை. உதைத்திருந்தால் ஆட்டம் சமன். தேசியப் பட்டத்தை வாக்கெடுப்பில் தீர்மானித்த காலம் அது, சமனே பெரும்பாலும் போதுமாக இருந்திருக்கும். 1966இல் மிச்சிகன் ஸ்டேட்டுடன் 10-10 என்று சமன் செய்த நோட்டர் டேமுக்குத்தானே பட்டம் போனது! ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்குப் போனார். நெப்ராஸ்காவின் டர்னர் கில் வீசிய பந்தை மயாமியின் கென் கால்ஹூன் தட்டிவிட்டார். பட்டம் மயாமிக்கு. வெல்ல வந்த இடத்தில் சமனுக்கு ஆடமாட்டேன் என்ற அந்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அது கொள்கை. கணக்கு உதைக்கத்தான் சொன்னது.

2007 ஜனவரி 1, அரிசோனாவின் கிளெண்டேலில் ஃபியஸ்டா பவுல். ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிக்கும் ஆளுக்கொரு வாய்ப்பு தரும் கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே 25 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். பாய்சி ஸ்டேட்டும் பதிலுக்கு ஒன்று போட்டதும் 42-41. உதைத்தால் இன்னொரு சுற்று. பருமனும் பலமும் கூடிய அணியோடு சுற்றுக்குச் சுற்று மோதினால் சிறிய அணிதான் முதலில் சோர்ந்துபோகும். ஆகவே ஒரே முயற்சியில் முடித்துவிடுவது பாய்சியின் கிறிஸ் பீட்டர்சனுக்கு நியாயமான கணக்கு.

அதற்கு அவர் தேர்ந்த உத்தி 'ஸ்டாச்சு ஆஃப் லிபர்ட்டி'. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜாரட் சப்ரான்ஸ்கி வெறுங்கையை ஓங்கி வலப்பக்கம் வீசுவதுபோல் பாவனை செய்தார். இடக்கையில் இருந்த பந்து முதுகுக்குப் பின்னால் இயன் ஜான்சனிடம் போனது. தடுப்பாட்டக்காரர்கள் வலப்பக்கம் நகர, ஜான்சன் இடப்பக்கம் யாரும் இல்லாத இடத்தில் ஓடினார். 43-42. ஆஸ்போர்னோடு ஒப்பிட்டால் வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரியும். கில் வலப்பக்கம் ஓடி வலப்பக்கமே வீசினார். அதில் தடுப்பாட்டத்தை ஏமாற்ற எதுவும் இல்லை. முடிவு துணிச்சலாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குத் தேர்ந்த உத்தியும் அந்தத் துணிச்சலுக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

அதே கிளெண்டேல் மைதானத்தில் 2016 ஜனவரி 11 அன்று தேசிய இறுதிப் போட்டி. அலபாமா 24-24 என்று சமன் செய்தபோது 10 நிமிடத்துக்கு மேல் மீதி இருந்தது. புள்ளி எடுத்த அணி அடுத்துப் பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுப்பதே வழக்கம். கிட்டத்தில் உதைத்துத் தானே பிடிக்கவும் முயலலாம், ஆனால் சேபனுக்கு அந்த நேரத்தில் அதற்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. ஆனால் கிளெம்சனின் டெஷான் வாட்சனை அவருடைய தடுப்பாட்டத்தால் அடக்க முடியவில்லை. உதையை வாங்க நின்ற கிளெம்சன் ஆட்டக்காரர்கள் ஒரு பக்கமாக நெருங்கி நிற்பதையும் அலபாமா கவனித்து வைத்திருந்தது. ஆடம் கிரிஃபித் திறந்து கிடந்த பக்கத்துக்குப் பந்தைத் தூக்கி உதைக்க, மார்லன் ஹம்ஃப்ரி ஓடிப்போய்ப் பிடித்தார். அடுத்த இரண்டே முயற்சிகளில் ஓ.ஜே. ஹவார்ட் 51 யார்டு டச்டவுன் போட்டார். முடிவு 45-40, வெற்றி அலபாமாவுக்கு.

அந்த உதை தவறியிருந்தால் வாட்சனுக்குப் பாதி மைதானம் இலவசமாகக் கிடைத்திருக்கும். ஆனால் வழக்கம்போல் தூரமாக உதைத்தாலும் பந்து அவர் கைக்குத்தான் போகும். அன்று அவர் எவ்வளவு தூரத்திலிருந்தும் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே இழப்பு பார்ப்பதற்குத் தெரிந்த அளவு பெரிதல்ல, லாபமோ ஒரு முழு வாய்ப்பு. அதனால் என் வரிசையில் சேபன் முதல், மயிரிழையில் பீட்டர்சன் இரண்டாவது. ஆஸ்போர்ன் மூன்றாவதுதான், ஆனால் 1995 ஜனவரி 1 அன்று அதே ஆரஞ்சு பவுலில் அதே மயாமியை 24-17 என்று வென்று அவர் தன் முதல் தேசியப் பட்டத்தை எடுத்தபோது, அதற்கு அவரைவிடத் தகுதியானவர் இருந்திருக்க முடியாது.