மண்டைதீவுக் கண்டல் சேறும் புல்மோட்டைக் கருமணலும்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவின்ர கண்டல் (கடலோரச் சதுப்பில வளருற மரங்கள்) சேறும், திருகோணமலைப் பக்கத்துப் புல்மோட்டையின்ர கருமணலும் ரெண்டும் கறுப்பு, ரெண்டிலயும் இரும்பு இருக்கு, ஆனா வந்த வழி வேற. புல்மோட்டையில இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எண்டு பாரமான கனிம மணிகள், பாறை தேய்ஞ்சு ஆத்தோட வந்தது, அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போக இதுகள் கரையில தங்கிடும். கண்டல் சேறு அப்பிடியில்லை, அந்தக் கறுப்பு அங்கயே உண்டாகிறது: காத்துப் போகாத சேத்துக்குள்ள பக்டீரியா கடல்தண்ணியின்ர சல்பேட்டைச் சல்பைட்டா மாத்தும், அது இரும்போட சேர்ந்து கறுக்கும், காலால கிளறினா கூழ்முட்டை மணம், ஒரு பிடி அள்ளி வெயில்ல வைச்சா மேல்பக்கம் மண்ணிறமாகிடும். காசுக்கு மணல்தான். எனக்கு ஆனா சேறுதான் பெரிசு, ஏனெண்டா கண்டலை வெட்டிக் காயவிட்டா உள்ளுக்க இருக்கிற பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காத்துப்பட்டு சல்பூரிக் அசிட் ஆகும், எங்கட சுண்ணாம்பு மண் கொஞ்சம் தாங்கும், மீன்குஞ்சு தாங்காது, தயவுசெய்து வெட்டாதேங்கோ.