ஷெங்கன் நாள் கணக்கு ஆப்பை நம்பி 740 யூரோ போச்சு, நீங்களும் மாட்டிக்காதீங்க

முந்தாநேத்துதான் லண்டன் திரும்பினேன், இன்னும் கோவம் அடங்கல. விசால எத்தனை நாள் மிச்சம் இருக்குன்னு எண்ணிச் சொல்ற ஒரு ஆப், காசு கட்டி யூஸ் பண்றது, பேர் போடல. அதை நம்பி 740 யூரோ போச்சு.

நான் யூகேல ஒர்க் விசால இருக்கேன், இந்தியன் பாஸ்போர்ட், கையில மல்ட்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்பட ஐரோப்பால பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா). அக்கா ஜெர்மனில, அம்மாவும் அங்க வந்து தங்கியிருந்ததால அடிக்கடி போய்ட்டு வந்தேன். ஐஎல்ஆர் (யூகேல நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கணும்னா எந்த 12 மாசத்த எடுத்தாலும் 180 நாளுக்கு மேல யூகேக்கு வெளிய இருக்கக்கூடாது, அதுக்காகத்தான் முதல்ல இந்த ஆப்ப போட்டேன். அந்தக் கணக்கு கரெக்டா வந்துச்சு, நம்பிக்கை வந்ததே அங்கதான். அப்புறம் அதே ட்ரிப் லிஸ்ட்ட வச்சு ஷெங்கன் 90/180யும் (எந்த 180 நாள எடுத்தாலும் 90 நாளுக்கு மேல தங்கக்கூடாதுங்கற விதி) பாத்துக்கலாம்னு பிரீமியம் காட்டுனான், கட்டினேன். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி சாட்ல "இறங்குற நாள், கெளம்புற நாள் ரெண்டும் சேத்துதானே எண்றீங்க"ன்னு தெளிவா கேட்டேன். "எல்லாம் செக் பண்ணியாச்சு, உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு, நிம்மதியா போங்க"ன்னு பதில், கூடவே பச்சை டிக்.

ஃப்ராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல ஊருக்குத் திரும்பும்போது, நாள் தாண்டிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க. ஷெங்கன்ல உள்ள நுழையற நாளும் முழு நாள், வெளிய போற நாளும் முழு நாள். வெள்ளி ராத்திரி 11 மணிக்கு மேல இறங்கி ஞாயித்துக்கிழமை காலைல கெளம்பினாலும் அது மூணு நாள். யூகே ஐஎல்ஆர்ல அப்படியே தலைகீழ், போன நாளும் திரும்புன நாளும் சேராது, நடுவுல இருக்கற முழு நாள் மட்டும்தான். இந்த ஆப் ஐஎல்ஆர் கணக்க அப்படியே தூக்கி ஷெங்கனுக்கும் ஒட்டி வச்சிருக்கு, அந்த மூணு நாள இது ஒண்ணுன்னு எண்ணும்! வீக்கெண்ட் வீக்கெண்டா போறவங்களுக்கு எவ்ளோ நாள் காணாம போகும்னு நீங்களே பாத்துக்கோங்க. முன்னாடி ஆபிசர் ஸ்டாம்ப பொரட்டி எண்ணுவாங்க, இப்ப 2025 அக்டோபர்ல ஆரம்பிச்ச என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம்ல கைரேகை, முகம் எல்லாம் ஏத்திட்டாங்க, சிஸ்டமே எண்ணிடுது.

விசாரணைல உக்காந்திருக்கும்போதே ஃப்ளைட் போயிடுச்சு. அபராதம், புது டிக்கெட், இவன் வாங்குன சந்தா எல்லாம் சேத்து 740 யூரோ. அடுத்த ஷெங்கன் விசா கேக்கும்போது இந்த ஓவர்ஸ்டேக்கு (அனுமதிச்ச நாளுக்கு மேல தங்கினதுக்கு) வேற பதில் சொல்லணும், அதுக்கு விலையே இல்ல.

சப்போர்ட்டுக்கு எழுதினா முதல்ல "உங்க அனுபவத்துக்கு வருந்துகிறோம்"னு ரெடிமேட் மெயில். சாட்ல நீங்களே சொன்னீங்களேன்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டேன், அது "பொதுவான தகவல்"னாங்க. திரும்பக் கேட்டா கண்டிஷன்ஸ்ல அடியில இருக்கற ஒரு வரிய காப்பி பண்ணி அனுப்பிட்டு என் புகார க்ளோஸ் பண்ணிட்டாங்க. சந்தா காசு கூட வராதாம், "சேவை பயன்படுத்தப்பட்டுவிட்டது"ன்னு. 740 யூரோ போனவன்கிட்ட இப்படிப் பேச எப்படி மனசு வருது? கணக்க திருத்தினாங்களான்னு நேத்து பாத்தேன், இன்னும் அதே பச்சை டிக்.

என்ன பண்ணலாம்னு விரிவா எழுதணும்னு நெனச்சேன், முடியல. ஐரோப்பிய கமிஷன் வெப்சைட்லயே ஷார்ட் ஸ்டே கால்குலேட்டர் ஃப்ரீயா இருக்கு, அதுல போட்டுப் பாருங்க. தங்குற ஒவ்வொரு நாளுக்கும் அதுல இருந்து பின்னாடி 180 நாள் பாக்கணும், ஜனவரி 1 வந்தாலோ வெளிய போய்ட்டு வந்தாலோ கணக்கு புதுசா ஆரம்பிக்காது. விசா ஸ்டிக்கர்ல 90க்கு கம்மியா போட்டிருந்தா அதுதான் உங்க லிமிட். குரோஷியா 2023லயே சேந்தாச்சு, 2025ல இருந்து ருமேனியா, பல்கேரியாவும் முழுசா உள்ள, ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல அயர்லாந்து, சைப்ரஸ் மட்டும் எண்ண வேணாம். என்னிக்கு போனோம், வந்தோம்னு காட்ட போர்டிங் பாஸ எறியாதீங்க. பேங்க்ல சந்தா காச திருப்பிக் கேட்டு டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், இதே மாதிரி மாட்டுனவங்க இருந்தா சாட் ஸ்க்ரீன்ஷாட் இப்பவே எடுத்து வச்சுக்கோங்க, என்னோட பழைய சாட்ட அக்கவுண்ட்ல இருந்து தூக்கிட்டாங்க.